தலைவராக வரச் சொல்கிறார்கள், எடுக்கலாமா?

லண்டன் ஹாரோவிலிருந்து ஒரு அக்கா எழுதியிருக்கிறார். கடிதம் நீளம், சுருக்கித் தருகிறேன்.

"தம்பி, எனக்கு வயது 61. வங்கியில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள். இங்கே தமிழ் முதியவர்களுக்காக நடக்கும் ஒரு சிறிய சாரிட்டியில் நான்கு வருடமாக டிரஸ்டியாக இருக்கிறேன். வாரத்தில் மூன்று நாள் பகல்நேர நிலையம், அதோடு கவுன்சில் ஒப்பந்தத்தில் வீடுகளுக்குப் போய்ப் பராமரிக்கும் சேவை. முப்பது பேர் வரை வேலை செய்கிறார்கள். இப்போதைய தலைவர் மகனோடு கனடா போகிறார். சாரிட்டியைத் தொடங்கிய ஐயா, 'நீதான் பிள்ளை எடுக்க வேண்டும்' என்கிறார். அவரும் குழுவில் தொடர்வார். மேலாளர் கெட்டிக்காரி, ஆனால் ஒவ்வொரு கூட்டத்துக்கும் எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்ற அறிக்கைதான் வரும். போன மாதம் கோயிலில் எங்கள் பராமரிப்பாளர் பெண் ஒருத்தி, அரை மணி நேரம் இருக்க வேண்டிய வீடுகளில் பதினைந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறோம் என்றாள். தன் பெயரைச் சொல்லிவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டாள். சம்பளம் இல்லாத பதவி இது. ஏதாவது நடந்தால் என் வீடு போகுமா? எனக்கு என்ன அதிகாரம் இருக்கும்? எடுக்கலாமா, விடலாமா?"

வணக்கம் அக்கா.

நீங்கள் கேட்ட ஒழுங்கில் பதில் சொல்லப் போவதில்லை. வீடு போகுமா, அதிகாரம் என்ன என்பதற்கெல்லாம் பிறகு வருகிறேன். கடிதத்தின் நடுவில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பதினைந்து நிமிடம், அதுதான் முதலில். ஏனென்றால் தலைவர் பதவியை எடுத்தாலும் விட்டாலும் அது இப்போதே உங்கள் பொறுப்பு. இங்கிலாந்து, வேல்ஸ் சட்டத்தில் ஒரு சாரிட்டியின் டிரஸ்டிகள், அதாவது அதன் நிர்வாகக் குழுவில் இருப்பவர்கள், எல்லாரும் சேர்ந்தே பொறுப்பாளிகள். தலைவருக்குக் கூடுதல் பங்கு, மற்றவர்களுக்குக் குறைந்த பங்கு என்று எதுவும் கிடையாது. நான்கு வருடமாக நீங்கள் அந்தப் பொறுப்பில்தான் இருக்கிறீர்கள். அந்தப் பெண் சொன்னதைக் காதில் வாங்கிய பிறகு, எனக்குத் தெரியாது என்று சொல்லும் வசதியும் போய்விட்டது.

அதற்காக நீங்கள் துப்பறியக் கிளம்ப வேண்டாம். வீடு வீடாகப் போய் எத்தனை நிமிடம் இருந்தார்கள் என்று விசாரிப்பது, அந்தப் பெண்ணின் பெயரை மேலாளரிடம் சொல்வது, ஐயாவிடம் தனியாகச் சொல்ல அவர் உடனே மேலாளருக்குப் போன் போட்டுச் சத்தம் போடுவது, இந்த மூன்றும் வேண்டாம். (நம் ஆட்களிடம் வழக்கமாக நடப்பது மூன்றாவதுதான்.) பெயரே தேவைப்படாத வழி ஒன்று இருக்கிறது. கவுன்சில் பணத்தில் நடக்கும் வீட்டுப் பராமரிப்பில் பெரும்பாலும், பராமரிப்பாளர் வீட்டுக்குள் நுழையும்போதும் வெளியே வரும்போதும் போனில் பதிவு செய்வார். அந்தப் பதிவு உங்கள் அலுவலகத்தில் இருக்கும். கடந்த மூன்று மாதத்துக்கு, எல்லா வீடுகளுக்கும், திட்டமிட்ட நிமிடம் ஒரு பக்கம், உண்மையில் இருந்த நிமிடம் அதன் பக்கத்தில் என்று கேளுங்கள். டிரஸ்டியாக இதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஒரு வீட்டை, ஒரு ஆளைக் குறிவைக்காமல் மொத்தமாகக் கேட்பதால் யார் சொன்னார்கள் என்ற பேச்சும் எழாது. அப்புறம், நீங்கள் கணக்கு பார்த்தவர், மூன்றாவது எண் ஒன்றை நான் சொல்லாமலே தேடுவீர்கள்: கவுன்சிலுக்கு எத்தனை நிமிடத்துக்கு பில் போயிருக்கிறது? பதினைந்து நிமிடம் இருந்துவிட்டு முப்பது நிமிடத்துக்குப் பணம் வாங்கியிருந்தால், விஷயம் பராமரிப்புத் தரத்தோடு நிற்காது.

இன்னொன்று. அந்த அவசரத்தில் யாராவது ஒரு முதியவர் மருந்து எடுக்காமலோ சாப்பிடாமலோ விடப்படுகிறார் என்று தெரிந்தால் அடுத்த கூட்டம் வரை காத்திருக்கக் கூடாது. உங்கள் சாரிட்டியில் முதியவர்களின் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர் என்று ஒருவர் இருக்க வேண்டும், அவர் மூலம் அன்றே கவுன்சிலின் முதியோர் பாதுகாப்புக் குழுவுக்குப் போக வேண்டும். 2014 பராமரிப்புச் சட்டத்தின் 42ஆம் பிரிவின்படி, ஒருவர் புறக்கணிக்கப்படுகிறார் என்ற நியாயமான சந்தேகம் இருந்தால் விசாரிப்பது கவுன்சிலின் கடமை. இதற்கு ஐயாவின் அனுமதியோ குழுவின் தீர்மானமோ தேவையில்லை. அந்தப் பெண்ணுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், வேலையிடத்தில் நடக்கும் தவறைச் சரியான இடத்தில் சொல்பவர்களுக்கு 1998இல் வந்த சட்டத்தின் பாதுகாப்பு இருக்கிறது.

இப்போது அந்த எண்கள் வந்து, அவள் சொன்னது உண்மை என்று தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் வரும் கோபம் பராமரிப்பாளர்கள் மேல்தான் திரும்பும். ஒரு நிமிடம் பொறுங்கள், ரோட்டாவை, அதாவது யார் எந்த நேரம் எந்த வீட்டுக்கு என்ற அட்டவணையை, எடுத்துப் பாருங்கள். காலை 8 மணியிலிருந்து 8.30 வரை வீல்ட்ஸ்டோனில் ஒரு அம்மாவைக் குளிப்பாட்ட வேண்டும், 8.30க்கு ரேய்னர்ஸ் லேனில் ஒரு ஐயாவுக்குக் காலைச் சாப்பாடு கொடுக்க வேண்டும் என்று அதில் இருக்கும். நடுவில் பஸ்ஸுக்கு நேரம் எங்கே? அந்தப் பெண் பஸ் நேரத்தை எங்கிருந்து எடுப்பாள், அந்த அம்மாவின் அரை மணி நேரத்திலிருந்துதான் எடுப்பாள். வீட்டுக்கு வீடு போகும் நேரமும் வேலை நேரம்தான், குறைந்தபட்ச ஊதியக் கணக்கில் அது சேர வேண்டும். சேர்க்காவிட்டால் வரித்துறை பழைய பாக்கியை அபராதத்தோடு கேட்கும். அரை மணி நேரத்துக்கும் குறைந்த வருகைகளைப் பற்றி, மருத்துவத்துக்கும் பராமரிப்புக்கும் வழிகாட்டுதல் எழுதும் நைஸ் (NICE) அமைப்பு 2015இல் தந்த வழிகாட்டுதலையும் படித்துப் பாருங்கள். வருபவர் அந்த முதியவருக்கு ஏற்கனவே பழக்கமானவராக இருக்க வேண்டும், வேலையும் மருந்து எடுத்தாரா என்று பார்ப்பது போலக் குறிப்பிட்ட சின்ன வேலையாக இருக்க வேண்டும் என்கிறது. குளிப்பாட்டி, உடுத்திவிட்டு, தேநீரும் கொடுக்கிற வேலை அதில் அடங்காது.

இவ்வளவு தூரம் இழுத்ததற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் கேட்கும் தலைவர் வேலை என்பது இதுதான். கூட்டத்தை நடத்துவது, ஆண்டு விழாவில் விளக்கேற்றுவது, கவுன்சிலரோடு போட்டோ எடுப்பது எல்லாம் அதன் ஓரத்தில் வருபவை. கெட்ட செய்தி குழுவின் மேசைக்கு நேரத்தோடு வந்து சேருகிறதா, அதுதான் தலைவர் பார்க்க வேண்டியது. உங்கள் சாரிட்டியில் அது மேசைக்கு வரவில்லை. கோயில் வாசலில், செருப்பு போடுகிற இடத்தில் வந்து நின்றிருக்கிறது.

சின்னச் சாரிட்டிகளின் வியாதி என்று நினைக்காதீர்கள். பார்வையற்றோருக்கான ஆர்என்ஐபி இந்த நாட்டின் மிகப் பெரிய, மிகப் பழைய சாரிட்டிகளில் ஒன்று. பார்வைக் குறைபாட்டோடு வேறு சிக்கலான தேவைகளும் உள்ள பிள்ளைகளுக்காக அவர்கள் கோவென்ட்ரியில் ஒரு இல்லம் நடத்தினார்கள். 2018இல் சாரிட்டிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான சாரிட்டி கமிஷன் விசாரணையைத் தொடங்கியது, அதே வருடம் இல்லம் மூடப்பட்டது. 2020இல் வந்த அறிக்கை டிரஸ்டிகளின் மேற்பார்வை போதவில்லை என்று கடுமையாகவே சொன்னது. அவ்வளவு பெரிய நிறுவனத்திலேயே ஒரு இல்லத்துக்குள் நடப்பது மேலே இருப்பவர்களுக்குச் சரியாகத் தெரியாமல் போக முடியும் என்றால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை சமோசாவோடு கூடும் நம் குழுக்களைப் பற்றி என்ன சொல்வது.

மேலாளர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. பல மேலாளர்கள் நல்லதையே எழுதுவதற்குக் காரணம், கெட்டதை எழுதிய நாளில் குழு அவரைப் படுத்திய பாடு. அல்லது, சொல்லியும் ஒருவரும் கவனிக்கவில்லை. இதை மாற்றுவது தலைவர் கையில்தான் இருக்கிறது. பதவி எடுத்தால் மாதம் ஒருமுறை மேலாளரோடு தனியாக ஒரு மணி நேரம் உட்காருங்கள். இந்த மாதம் எது சரியாகப் போகவில்லை என்பதுதான் முதல் கேள்வி. பதில் வந்ததும் கோபப்படக் கூடாது, அது முக்கியம். குழு அறிக்கையின் முதல் பக்கத்தில் நிமிடக் கணக்கும், முறைப்பாடுகளும், வேலையை விட்டுப் போனவர்களின் எண்ணிக்கையும் வரட்டும், பொங்கல் விழாப் படங்கள் கடைசிப் பக்கத்துக்குப் போகட்டும். அதே நேரம், மேலாளர் வேலையை நீங்கள் செய்ய ஆரம்பிக்காதீர்கள். ரோட்டா போடுவது அவர் வேலை, அந்த ரோட்டா மனிதர்களால் செய்யக்கூடியதா என்று கேட்பது உங்கள் வேலை. ஓய்வு பெற்ற, நேரம் உள்ள, கணக்குத் தெரிந்த தலைவர்கள் வாரத்தில் நான்கு நாள் அலுவலகத்தில் போய் உட்கார்ந்து மேலாளரைத் துரத்திவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கும் அந்த ஆபத்து உண்டு, தப்பாக நினைக்காதீர்கள்.

அதிகாரம் என்ன என்று கேட்டீர்கள். தனியாக ஒன்றும் பெரிதாகக் கிடையாது. உங்கள் யாப்பை, அதாவது சாரிட்டியின் விதிகள் எழுதிய ஆவணத்தை, எடுத்துப் படியுங்கள். கூட்டம் கூட்டுவது, வாக்குகள் சமமானால் தீர்மானிக்கும் வாக்குப் போடுவது போன்றவை அதில் எழுதியிருந்தால்தான் உண்டு. கூட்டங்களுக்கு இடையில் தலைவர் தனியாக முடிவெடுக்கலாமா என்பதையும் குழு முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். ஆனால் நிகழ்ச்சி நிரலை எழுதுவது தலைவர்தான், அதைக் குறைவாக நினைக்காதீர்கள். எதை அரை மணி நேரம் பேசுவது, எதை இரண்டு நிமிடத்தில் முடிப்பது என்பது உங்கள் கையில் இருக்கும்.

சரி, வீடு. முதலில் உங்கள் சாரிட்டி எந்த வடிவத்தில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். கம்பனியாகவோ, 2013இலிருந்து பதிவு செய்யக்கூடியதாக இருக்கும், சாரிட்டிகளுக்கே உரிய சிஐஓ (CIO) என்ற தனி நிறுவன வடிவத்திலோ இருந்தால், ஒப்பந்தங்களும் கடன்களும் நிறுவனத்தின் பெயரில் இருக்கும். நேர்மையாக, கவனமாக நடந்துகொண்ட டிரஸ்டியின் வீடு வரை அது வருவது மிக அரிது. பதிவுபெற்ற சங்கம் என்று மட்டும் இருந்து, தனி நிறுவனமாக இல்லாவிட்டால் கதை வேறு. அப்போது கட்டட வாடகையும் சம்பளமும் டிரஸ்டிகளின் பெயரில்தான் நிற்கும். முப்பது பேருக்குச் சம்பளம் கொடுக்கும் இடம் அப்படி இருக்கவே கூடாது, இருந்தால் வடிவத்தை மாற்றும் வேலை தொடங்கும் வரை தலைவர் பதவிக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். நிறுவன வடிவத்திலும் ஒரு எல்லை உண்டு. கடனை அடைக்க வழியே இல்லை என்று தெரிந்த பிறகும் தொடர்ந்து நடத்தினால் 1986 நொடிப்புச் சட்டம் தனிப்பட்ட முறையில் உங்களிடம் வரலாம்.

கிட்ஸ் கம்பனி நினைவிருக்கும். 1996இல் தொடங்கி, அரசாங்கப் பணமும் பெரிய மனிதர்களின் ஆதரவுமாக ஓஹோவென்று இருந்து, 2015 கோடையில் ஒரே வாரத்தில் மூடப்பட்ட சாரிட்டி. அதன் தலைவர் பிபிசியின் ஆலன் யென்டோப், அவரும் சம்பளமில்லாத தன்னார்வலர்தான். 2017இல் அவரையும் மற்ற டிரஸ்டிகளையும் கம்பனி இயக்குநர்களாக இருக்கவிடாமல் தடை செய்யக் கேட்டு அரசுத் தரப்பு வழக்குப் போட்டது. 2021இல் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. நீதிபதி டிரஸ்டிகளைப் பற்றி நல்லதாகவே சொன்னார். அதே நேரம், 2022இல் சாரிட்டி கமிஷன் தன் அறிக்கையில், கொடுக்க வேண்டியவர்களுக்கும் வரித்துறைக்கும் உரிய நேரத்தில் பணம் கொடுக்காமல் திரும்பத் திரும்பத் தவறியது நிர்வாகச் சீர்கேடு என்று எழுதியது. இதில் உங்களுக்கு இரண்டு செய்தி இருக்கிறது. நேர்மையான தன்னார்வலரைச் சட்டம் சும்மா நசுக்காது. ஆனால் சாரிட்டி மூடப்பட்ட பிறகு அந்தத் தீர்ப்பு வர ஐந்து வருடத்துக்கு மேல் ஆனது, அத்தனை வருடமும் அவர்கள் அதைச் சுமந்துகொண்டுதான் இருந்தார்கள்.

அதனால் பணத்தைப் பாருங்கள், உங்கள் துறைதானே. 2025 ஏப்ரலில், ஊழியர் சம்பளத்தின் மேல் முதலாளி அரசுக்குக் கட்டும் தேசியக் காப்புறுதி 13.8 சதவீதத்திலிருந்து 15 ஆனது, அது தொடங்கும் எல்லை வருடத்துக்கு 9,100 பவுண்டிலிருந்து 5,000க்கு இறங்கியது. பகுதிநேரப் பராமரிப்பாளர் ஒருவர் வருடத்துக்கு 12,000 பவுண்ட் வாங்கினால், அவருக்காக நீங்கள் கட்டுவது சுமார் 400 பவுண்டிலிருந்து 1,050 ஆகிவிட்டது. முப்பது பேரும் அப்படி என்றால் 12,000 பவுண்ட் 31,500 ஆகிறது. அந்தத் தொகையில் முதலாளிகளுக்குத் தரும் கழிவை 5,000இலிருந்து 10,500 ஆக்கினார்கள், அதைக் கழித்தாலும் 7,000 இருந்த இடத்தில் 21,000. குறைந்தபட்ச ஊதியமும் மணிக்கு 11.44 பவுண்டிலிருந்து 12.21 ஆனது, 2026 ஏப்ரலிலிருந்து 12.71. கவுன்சில் உங்களுக்குத் தரும் மணிக் கட்டணம் அதே அளவுக்கு ஏறியதா? ஏறவில்லை என்றால், அந்தப் பதினைந்து நிமிடத்தின் வேர் ரோட்டாவையும் தாண்டி ஒப்பந்தத்துக்குள் இருக்கிறது. நஷ்டத்தில் ஓடும் ஒப்பந்தத்தைத் திருப்பிக் கொடுப்பதா, கட்டணத்தை மறுபடி பேசுவதா என்பதைக் குழுதான் முடிவு செய்ய வேண்டும். அந்தப் பேச்சை மேலாளர் தொடங்கப் பயப்படுவார், தலைவர்தான் தொடங்க வேண்டும்.

ஐயாவைப் பற்றி. அவர் இல்லையென்றால் இந்தச் சாரிட்டியே இருந்திருக்காது, அந்த மரியாதை எப்போதும் இருக்கட்டும். மறதி நோய் வந்து பழகிய ஆங்கிலமும் போய்விட்ட ஒரு அம்மாவிடம் தமிழில் "பசிக்குதா அம்மா" என்று கேட்க ஒரு ஆள் இருப்பதன் அருமையை அவர் எல்லாருக்கும் முன்னால் புரிந்துகொண்டார். ஆனால் தொடங்கியவர் குழுவில் இருக்க, அவர் கை காட்டியவர் தலைவராக வந்தால், ஊழியர்களும் மேலாளரும் யாரைக் கேட்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். கூட்டத்தில் எடுத்த முடிவு மறுநாள் ஒரு போன் அழைப்பில் மாறிவிடும். அதனால் பதவி எடுப்பதற்கு முன்பே அவரிடம் வீட்டில் போய், தேநீர் குடித்துக்கொண்டே, தெளிவாகப் பேசிவிடுங்கள்: "ஐயா, மேலாளரோடு பேசுவது இனி நான். உங்களுக்கு மனத்தாங்கல் இருந்தால் என்னிடம் சொல்லுங்கள், நேரே அவரிடம் போக வேண்டாம்." எத்தனை வருடம் குழுவில் தொடர்வார் என்பதையும் கேளுங்கள். 2017இல் வந்த சாரிட்டி நிர்வாக நெறிமுறை, ஒன்பது வருடத்துக்கு மேல் ஒருவர் டிரஸ்டியாக இருந்தால் அதை நன்றாகப் பரிசீலித்து ஆண்டறிக்கையில் காரணம் சொல்ல வேண்டும் என்றது. தேர்தல் இல்லாமல், அவர் சொன்னார் என்பதற்காக மட்டும் தலைவராக வராதீர்கள். குழு கூடித் தேர்ந்தெடுக்கட்டும், அது கூட்டக்குறிப்பில் பதியட்டும். அவர் உறவினர் யாராவது அங்கே வேலை செய்கிறாரா, நிலையத்துக்கான மண்டபம் குழுவில் உள்ளவருடையதா என்பதையும் பார்த்துவிடுங்கள். நம் சாரிட்டிகளில் இது சகஜம், சகஜம் என்பதாலேயே ஒருவரும் எழுதி வைப்பதில்லை.

இன்னும் ஒரு சின்ன விஷயம், பலர் கவனிப்பதில்லை. பகல்நேர நிலையத்துக்கு, பராமரிப்புச் சேவைகளைப் பதிவு செய்து சோதிக்கும் சிக்யூசி (CQC) அமைப்பின் பதிவு தேவைப்படாது, ஆனால் வீட்டில் போய்க் குளிப்பாட்டி உடுத்திவிடும் சேவைக்குப் பதிவு வேண்டும். அந்தப் பதிவில் மேலாளர் பெயரோடு, நிறுவனத்தின் சார்பில் அந்தச் சேவையை மேற்பார்வை செய்பவர் என்று இன்னொருவர் பெயரும் இருக்கும். சின்ன சாரிட்டிகளில் அது தலைவராகவே இருப்பதுண்டு. கனடா போகிறவரின் பெயர்தான் அங்கே இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அது தலைவர் பதவியோடு ஒட்டிக்கொண்டு தானாக உங்களிடம் வர வேண்டியதில்லை. அது தனி வேலை, தனிப் பொறுப்பு, பராமரிப்புத் துறை தெரிந்த இன்னொரு டிரஸ்டியிடமோ மூத்த ஊழியரிடமோ கொடுக்கலாம்.

சம்பளம் கிடையாது, டிரஸ்டியாக இருப்பதற்குப் பணம் வாங்க யாப்போ சட்டமோ கமிஷனோ அனுமதித்திருக்க வேண்டும். பயணச் செலவை வாங்கிக்கொள்ளுங்கள், கூச்சப்படாதீர்கள், நீங்கள் வாங்காவிட்டால் உங்களுக்குப் பின்னால் வசதி குறைந்த ஒருவர் கேட்கத் தயங்குவார். நேரம், அமைதியான மாதத்தில் இரண்டு மூன்று நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலாளர் விலகினாலோ சிக்யூசி வந்தாலோ அது முழுநேர வேலை மாதிரி ஆகிவிடும், பேரப்பிள்ளைகளைப் பார்க்கும் நாட்களை அதற்கேற்ப மாற்ற வேண்டி வரும்.

எடுக்கலாமா என்றால், நான் எடுங்கள் என்றுதான் சொல்வேன். அந்தப் பெண் அத்தனை டிரஸ்டிகளிலும் உங்களிடம்தான் வந்து சொல்லியிருக்கிறாள். ஆனால் ஒப்புக்கொள்வதற்கு முன் யாப்பு, கடைசி சிக்யூசி அறிக்கை, கவுன்சில் ஒப்பந்தம் முடியும் தேதி, இந்த வருடத்துக்கான காசு வரவு செலவு, காப்புறுதி, கடந்த ஒரு வருட முறைப்பாடுகள் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். தர இழுத்தடித்தால் அதுவே ஒரு பதில். நிமிடக் கணக்கு கேட்கும் மின்னஞ்சல் மட்டும் இவற்றுக்காகக் காத்திருக்க வேண்டாம். மேலாளருக்கு எழுதி, இப்போதைய தலைவருக்கும் பொருளாளருக்கும் பிரதி போட்டு, இந்த வாரமே அனுப்பிவிடுங்கள். ஐயாவுக்கு உங்கள் முடிவை அந்தக் கணக்கு கைக்கு வந்த பிறகு சொன்னால் போதும்.